கட்டைவிரல் சுருங்காது! – விசைப்பலகை ஸ்மார்ட்போன்களின் அளவு: ஓர் ஒப்பாய்வு

(இரண்டாம் ஆண்டு இயந்திரவியல் துறை மாணவன்)

முன்னுரை



கையில் எடுக்கும் எந்தப் பொருளைப் பார்த்தும் "இது ஏன் இந்த அளவில் இருக்கிறது?" என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். செங்கல் ஏன் அந்த அளவு? ஒரு கையால் தூக்க வேண்டும், மறு கையில் கரண்டி இருக்கும். படிக்கட்டு ஏன் அந்த உயரம்? அதற்குமேல் போனால் முழங்கால் கெஞ்சும். ஆக, அளவு என்பது வானத்திலிருந்து குதித்தது அல்ல. யாரோ ஒருவர் டிராயிங் ஷீட்டில் யோசித்து எழுதிய எண்தான் அது.

நாமும் முதல் செமஸ்டரிலிருந்து டைமென்ஷன் போட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். அம்புக்குறி சரியா, எண் கோட்டுக்கு மேலே இருக்கிறதா என்று பார்க்கிறோம். ஆனால் அந்த எண் ஏன் அந்த எண் என்று கேட்பதில்லை. அதைக் கேட்டுப் பழகுவதற்கு ஒரு நல்ல உதாரணம் தேடினேன். கிடைத்தது, எழுத்துப் பொத்தான்கள் வைத்த பழைய ஸ்மார்ட்போன்.

1996 முதல் 2011 வரையிலான காலத்தில் கம்ப்யூட்டரில் இருப்பதுபோன்ற முழு விசைப்பலகையைச் சட்டைப்பைக்குள் கொண்டுவர உலகத்தின் பெரிய நிறுவனங்கள் பல போட்டி போட்டன. நாமெல்லாம் விவரம் தெரிந்து போனைத் தொட்ட காலத்தில் அந்தப் போட்டி முடிந்துவிட்டது. முடிந்துபோன போட்டி என்பதால்தான் அதை நிதானமாக அளந்து பார்க்க முடிகிறது. வாருங்கள், அளப்போம்.

1. எடுத்துக்கொண்ட போன்கள்

கீழே உள்ளவை நீளம் × அகலம் × தடிமன் (மி.மீ.), எடை, கன அளவு என்ற வரிசையில் உள்ளன. மூடித் திறக்கும் போன்களுக்கும் இழுத்துத் திறக்கும் போன்களுக்கும் மூடிய நிலை அளவு. கன அளவு நான் பெருக்கிப் போட்டது. மூலைகள் வளைந்திருப்பதால் உண்மைக் கன அளவு இதைவிடக் கொஞ்சம் குறையும். ஒப்பிடுவதற்கு இது போதும்.

நோக்கியா 9000 கம்யூனிக்கேட்டர் (1996): 173 × 64 × 38, 397 கிராம், 421 க.செ.மீ.
நோக்கியா 9110 (1998): 158 × 56 × 27, 249 கிராம், 239 க.செ.மீ.
பிளாக்பெர்ரி 6210 (2003): 113 × 74 × 20, 136 கிராம், 167 க.செ.மீ.
ட்ரியோ 600 (2003): 112 × 60 × 22, 168 கிராம், 148 க.செ.மீ.
நோக்கியா 9300 (2005): 132 × 51 × 21, 167 கிராம், 141 க.செ.மீ.
பிளாக்பெர்ரி பேர்ல் 8100 (2006): 107 × 50 × 14.5, சுமார் 90 கிராம், 78 க.செ.மீ.
நோக்கியா ஈ71 (2008): 114 × 57 × 10, 127 கிராம், 65 க.செ.மீ.
டி-மொபைல் ஜி1 (2008): 117.7 × 55.7 × 17.1, 158 கிராம், 112 க.செ.மீ.
மோட்டோரோலா ட்ராய்டு (2009): 115.8 × 60 × 13.7, 169 கிராம், 95 க.செ.மீ.
பிளாக்பெர்ரி போல்டு 9900 (2011): 115 × 66 × 10.5, 130 கிராம், 80 க.செ.மீ.

ஒப்பிடுவதற்காகப் பொத்தான் விசைப்பலகை இல்லாத ஒன்று:
ஆப்பிள் ஐபோன், முதல் மாடல் (2007): 115 × 61 × 11.6, 135 கிராம், 81 க.செ.மீ.

நோக்கியா பின்லாந்து நாட்டு நிறுவனம். (நம் ஸ்ரீபெரும்புதூரில் 2006 முதல் 2014 வரை அதன் தொழிற்சாலை ஓடியது. டிப்ளமோ முடித்த நம் அண்ணன்மார் பலருக்கு அந்தப் பெயர் நன்றாகத் தெரியும்.) பிளாக்பெர்ரியைச் செய்தது கனடாவின் வாட்டர்லூ நகரத்து ரிசர்ச் இன் மோஷன் நிறுவனம். ட்ரியோவை உருவாக்கியது அமெரிக்காவின் ஹேண்ட்ஸ்பிரிங். ஜி1-ஐத் தயாரித்தது தைவானின் எச்.டி.சி.; ஆண்ட்ராய்டு மென்பொருளோடு விற்பனைக்கு வந்த முதல் போன் அது.

2. அட்டைப் பெட்டியும் மணலும்

எண்ணைப் படித்தால் மூளைக்குத் தெரியும், கைக்குத் தெரியாது. இந்தப் போன்களில் ஒன்றைக்கூட நான் கையில் பிடித்தது கிடையாது. எனவே ஆறு போன்களை மட்டும் தேர்ந்தெடுத்து, பழைய ரெக்கார்டு நோட்டு அட்டைகளை அளவாக வெட்டி, பசை போட்டுப் பெட்டி செய்தேன். உள்ளே சலித்த மணலைக் கொட்டி, மளிகைக் கடை அண்ணாச்சியின் எலக்ட்ரானிக் தராசில் வைத்து எடையைச் சரி செய்தேன். "என்ன தம்பி, மணல் யாவாரமா?" என்று அண்ணாச்சி கேட்டது தனிக்கதை.

இதில் ஒரு வேடிக்கை நடந்தது. நோக்கியா 9000 பெட்டியில் 397 கிராம் மணல் போட்டபோது பெட்டி முக்கால் அளவுகூட நிறையவில்லை. பிளாக்பெர்ரி 6210-க்குப் பாதிப் பெட்டி மணலே போதுமாக இருந்தது. ஆனால் ஈ71 பெட்டியில் மணலைத் தட்டித் தட்டி நிரப்பியும் 127 கிராம் வரவில்லை! கடைசியில் பிட்டிங் ஷாப்பில் அரம் போட்ட இரும்புத் தூளை அள்ளிவந்து மணலோடு கலந்த பிறகுதான் எடை வந்தது.

இதன் பொருள் என்ன? எடையைக் கன அளவால் வகுத்துப் பாருங்கள். 9000-க்கு ஒரு க.செ.மீ.க்கு 0.94 கிராம், பெட்டிக் கணக்கில் தண்ணீரைவிட லேசு! ஈ71-க்கு 1.95 கிராம். பன்னிரண்டு ஆண்டுகளில் உள்ளே இருந்த காற்றும் இடைவெளியும் குறைந்து, உறுப்புகள் நெருக்கமாக அடுக்கப்பட்டு, மேலே உலோகமும் சேர்ந்துவிட்டது. போன் சிறுத்தது என்று மட்டும் சொன்னால் அது பாதிக் கதை. போன் இறுகியது என்பதே முழுக் கதை.

பெட்டி செய்து பார்ப்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். ஹேண்ட்ஸ்பிரிங்கைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜெஃப் ஹாக்கின்ஸ், அதற்கு முன் பாம்பைலட் என்ற கையடக்கக் கருவியை (1996) வடிவமைத்தபோது, சட்டைப்பைக்குள் அடங்கும் ஒரு மரக்கட்டையைச் செய்து கூடவே வைத்திருந்தார். யாராவது தேதி கேட்டால் கட்டையை எடுத்து, அதில் குறிப்பெழுதுவதுபோல நடித்துப் பார்ப்பாராம். சர்க்யூட் வருவதற்கு முன்பே அளவு முடிவாகிவிட்டது! நம் கார்ப்பென்டரி ஷாப்பில் கழித்துப்போடும் துண்டுக் கட்டைக்கு எவ்வளவு மரியாதை பாருங்கள்.

3. பத்தால் வகுக்கும் கணக்கு

ஆங்கில விசைப்பலகையில் மேல் வரிசையில் பத்து எழுத்துகள் உள்ளன. கம்ப்யூட்டர் விசைப்பலகையில் ஒரு பொத்தானின் மையத்திலிருந்து அடுத்ததன் மையம் வரை சுமார் 19 மி.மீ. பத்து பொத்தானுக்கு 190 மி.மீ. ஆகிறது. என் சட்டைப்பையை அளந்தேன்: அகலம் 115, ஆழம் 130 மி.மீ. ஆகவே கம்ப்யூட்டரின் பொத்தானை அப்படியே பைக்குள் கொண்டுபோக வழியே இல்லை. பொத்தானைச் சிறிதாக்கியே தீர வேண்டும்.

எவ்வளவு சிறிதாக? பொத்தான் வரிசை எந்தப் பக்கமாக ஓடுகிறதோ அந்தப் பக்கத்தின் நீளத்தைப் பத்தால் வகுங்கள். ஒரு பொத்தானுக்குக் கிடைக்கக்கூடிய உச்ச இடம் அதுதான். ஓரமும் இடைவெளியும் போக உண்மையில் இன்னும் குறையும்.

பிளாக்பெர்ரி 6210: 74 ÷ 10 = 7.4 மி.மீ.
போல்டு 9900: 66 ÷ 10 = 6.6 மி.மீ.
ட்ரியோ 600: 60 ÷ 10 = 6.0 மி.மீ.
ஈ71: 57 ÷ 10 = 5.7 மி.மீ.

இப்போது வெர்னியரை எடுத்து உங்கள் கட்டைவிரலின் அகலத்தை அளந்து பாருங்கள். எனக்கு 20 மி.மீ. வந்தது. ஆறு மி.மீ. பொத்தானை இருபது மி.மீ. விரல் எப்படி அமுக்கும்? "சான்ஸே இல்லடா" என்றுதான் என் அறை நண்பனும் சொன்னான். ஆனால் அந்தக் காலத்தில் பல லட்சம் பேர் இந்தப் பொத்தான்களில் தினமும் கடிதம் அடித்திருக்கிறார்கள்.

இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு.

முதலாவது, பொத்தானின் முகம் தட்டையாக இருக்காது. நடுவில் புடைத்தோ, ஒரு பக்கம் சாய்ந்தோ இருக்கும். விரல் அகலமாக இருந்தாலும் முதலில் மேட்டில்தான் படும். பக்கத்துப் பொத்தானின் சரிவை விரல் உணர்ந்து விலகிக்கொள்ளும்.

இரண்டாவது, பொத்தானுக்கு அடியில் இருக்கும் சிறிய உலோகக் குமிழ். தகர டப்பா மூடியின் நடுவை அமுக்கினால் "டொக்" என்று உள்ளே போய், விட்டால் மேலே வருமே, அதே தத்துவம். குமிழ் மடங்கும்போது சர்க்யூட் சேர்கிறது. அந்தச் சிறு துள்ளல் விரலுக்கு "அமுங்கியாச்சு" என்று பதில் சொல்கிறது. கண்ணால் பார்க்காமலே தெரிந்துவிடும்.

4. நான்கு வழி, நான்கு விலை

எழுத்துப் பொத்தான் வேண்டும் என்றால் அதற்கு ஒரு விலை கொடுக்க வேண்டும். அதை எந்தத் திசையில் கொடுப்பது என்பதில்தான் ஒவ்வொரு நிறுவனமும் வேறுபட்டது. நம் டிராயிங் பாஷையில் சொன்னால், எந்த டைமென்ஷனில் கூட்டுவது என்பதே கேள்வி.

(அ) நீளத்தில் கொடுத்தவர்கள்: நோக்கியா 9000. மூடியிருக்கும்போது வெளியே சாதாரண போன், எண் பொத்தான்களோடு. கண்ணாடிப் பெட்டி திறப்பதுபோல நீளவாக்கில் திறந்தால் உள்ளே அகலத் திரை (640 × 200 புள்ளிகள்), கீழே முழு விசைப்பலகை. பொத்தான் வரிசை 173 மி.மீ. பக்கத்தில் ஓடுவதால் தாராளமான இடம். ஆனால் என் சட்டைப்பையில் அந்த அட்டைப் பெட்டி 43 மி.மீ. வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. ஹாஸ்டலில் அதைப் பார்த்த நண்பன், "போனாடா இது? செங்கல்லு!" என்றான். அவன் சொன்னது அளவிலும் பெரிய தவறில்லை.

(ஆ) அகலத்தில் கொடுத்தவர்கள்: பிளாக்பெர்ரியும் ட்ரியோவும். திரை மேலே, பொத்தான் கீழே. திறக்க மூட எதுவும் இல்லை. கீல் இல்லை என்பதால் தேயவோ உடையவோ அங்கே ஒன்றும் இல்லை. ஆனால் பொத்தானைப் பெரிதாக்க அகலத்தைக் கூட்டியாக வேண்டும். 74 மி.மீ. அகலப் பெட்டியைக் கையில் கொடுத்தபோது எல்லோரும் விரலை விரித்துப் பிடித்தார்கள், 57 மி.மீ. பெட்டியைச் சாதாரணமாக மூடிப் பிடித்தார்கள். நீளத்தில் 10 மி.மீ. கூடினால் கை கண்டுகொள்வதில்லை, அகலத்தில் 10 மி.மீ. கூடினால் உடனே முறையிடுகிறது. இது நான் பெட்டிகளிலிருந்து கற்ற பாடம்.

இந்த வகையில் இன்னொரு சுவையான செய்தி. 2002-ல் வந்த பிளாக்பெர்ரி 5810-தான் போன் பேசக்கூடிய முதல் பிளாக்பெர்ரி. ஆனால் அதில் காதில் வைத்துப் பேச வழியில்லை. ஒயர் மாட்டித்தான் பேச வேண்டும்! கடிதம் அடிக்கும் கருவிக்குப் போன் பிறகு சேர்க்கப்பட்டது என்பதால் அதன் உருவமும் போன் உருவமாக இல்லை.

(இ) தடிமனில் கொடுத்தவர்கள்: ஜி1, ட்ராய்டு. திரையைப் பக்கவாட்டில் தள்ளினால் அடியிலிருந்து விசைப்பலகை வெளிவரும். வரிசை நீளப் பக்கத்தில் ஓடுவதால் ஜி1-ல் ஒரு பொத்தானுக்கு உச்சமாக 11.7 மி.மீ. வரை இடம், ஈ71-ஐப்போல இரண்டு மடங்கு. திரையும் சிறுக்கவில்லை. அப்படியானால் விலை? இரண்டு தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று, நடுவில் சறுக்குத் தடம், ஸ்பிரிங், வளையும் சர்க்யூட் நாடா. ஜி1-ன் தடிமன் 17.1 மி.மீ. ஒரே ஆண்டில் ட்ராய்டு அதை 13.7 ஆக்கியது. இருந்தாலும் ஒரே தட்டாக இருந்த ஐபோன் 11.6-தான்.

(ஈ) எழுத்தில் கொடுத்தவர்கள்: பிளாக்பெர்ரி பேர்ல். இது தந்திரமான வழி. அகலம் 50 மி.மீ. மட்டுமே. பத்தால் வகுத்தால் 5 மி.மீ. வருகிறது, கட்டாது. ஆகவே ஒரு பொத்தானில் இரண்டு எழுத்து வைத்து, 26 எழுத்துக்கு 14 பொத்தான் ஆக்கினார்கள். இப்போது வரிசைக்கு ஐந்துதான்; 50 ÷ 5 = 10 மி.மீ. நீங்கள் அமுக்கியது இரண்டில் எந்த எழுத்து என்பதைப் போன் தன்னிடமுள்ள சொற்பட்டியலைப் பார்த்து ஊகிக்கும். இடத்துக்குப் பதிலாகக் கணக்கைக் கொடுத்தார்கள். இந்த யோசனையை மனதில் வையுங்கள், பின்னால் வருகிறது.

5. எது சுருங்கியது, எது சுருங்கவில்லை?

இப்போது கட்டுரையின் மையத்துக்கு வருகிறேன். ஒரே குடும்பத்து இரண்டு போன்களை எடுத்துக்கொள்வோம்: நோக்கியா 9000 (1996), நோக்கியா 9300 (2005). இரண்டுமே நீளவாக்கில் திறப்பவை, இரண்டிலுமே முழு விசைப்பலகை. இடையில் ஒன்பது ஆண்டுகள்.

கன அளவு 421-லிருந்து 141. மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. ஆனால் மூன்று பக்கமும் சமமாகவா குறைந்தது?

தடிமன்: 38-லிருந்து 21. குறைவு 45 சதவீதம்.
நீளம்: 173-லிருந்து 132. குறைவு 24 சதவீதம்.
அகலம்: 64-லிருந்து 51. குறைவு 20 சதவீதம்.

தடிமனில் இருப்பது என்ன? பேட்டரி, போர்டு, திரை. இவை வருடா வருடம் மெலிந்தன. நீளத்தில் இருப்பது என்ன? பொத்தான் வரிசை. அந்த வரிசையின் எதிரே இருப்பது மனிதனின் இரண்டு கட்டைவிரல். சிப்பைச் சிறிதாக்க ஆராய்ச்சிக்கூடம் உண்டு. கட்டைவிரலைச் சிறிதாக்க எந்த ஆராய்ச்சிக்கூடமும் கிடையாது!

பிளாக்பெர்ரியிலும் இதே கதைதான். 6210-லிருந்து (2003) போல்டு 9900 (2011) வரை எட்டு ஆண்டுகளில் தடிமன் 20-லிருந்து 10.5 ஆனது, ஏறக்குறைய பாதி. அகலமோ 74-லிருந்து 66. குறைவு 11 சதவீதம் மட்டுமே. நீளம் 113, 115. ஒரு இயந்திரத்தில் எந்தப் பக்கம் சுருங்க மறுக்கிறதோ அந்தப் பக்கத்தில் மனிதன் நிற்கிறான் என்று அர்த்தம்.

6. பிறகு ஏன் பொத்தான் மறைந்தது?

"பொத்தான் வைத்தால் போன் குண்டாகும், அதனால்தான் போச்சு" என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். பட்டியலை மறுபடி பாருங்கள். ஈ71-ன் கன அளவு 65. முதல் ஐபோனின் கன அளவு 81. பொத்தான் வைத்த போன்தான் சிறியது! மெல்லியதும்கூட. போல்டு 9900-உம் ஐபோனைவிட ஒரு மி.மீ. மெலிந்ததே. ஆக, குண்டு என்ற காரணம் நிற்காது.

உண்மைக் காரணம் பரப்பளவு. ஈ71-ன் திரை 2.36 அங்குலம், அதாவது மூலைவிட்டம் 60 மி.மீ. பக்க விகிதம் 4:3. நம் பழைய நண்பன் 3-4-5 முக்கோணத்தைப் போட்டால் 48 × 36 மி.மீ. பரப்பு 17.3 ச.செ.மீ. போனின் முகப்புப் பரப்பில் (65 ச.செ.மீ.) இது 27 சதவீதம்தான். ஐபோனின் திரை 3.5 அங்குலம், விகிதம் 3:2. கணக்குப் போட்டால் சுமார் 74 × 49 மி.மீ., பரப்பு 36.5 ச.செ.மீ. முகப்பில் 52 சதவீதம். ஏறக்குறைய ஒரே முகத்தில் இரண்டு மடங்கு திரை.

2007 ஜனவரியில் ஐபோனை அறிமுகப்படுத்திய ஸ்டீவ் ஜாப்ஸ், ட்ரியோ, பிளாக்பெர்ரி போன்ற நான்கு பொத்தான் போன்களின் படத்தைக் காட்டி வைத்த வாதமும் இதை ஒட்டியதே. தேவைப்பட்டாலும் படாவிட்டாலும் பொத்தான்கள் அங்கேயே உட்கார்ந்திருக்கின்றன, எல்லா வேலைக்கும் ஒரே முகம், ஒருமுறை அச்சில் வார்த்துவிட்டால் மாற்ற முடியாது என்றார்.

சரி, அந்தக் கண்ணாடியில் எழுத்து எவ்வளவு அகலம்? போனை நிமிர்த்திப் பிடித்தால் 49 ÷ 10 = 4.9 மி.மீ. ஈ71-ன் பொத்தானைவிடவும் சிறியது! மேடு பள்ளமும் இல்லை, "டொக்"கும் இல்லை. பிறகு எப்படி வேலை செய்தது? பேர்ல் செய்த அதே வேலைதான்: இடத்துக்குப் பதில் கணக்கு. அடுத்து எந்த எழுத்து வரக்கூடும் என்று மென்பொருள் ஊகித்து, நம் கண்ணுக்குத் தெரியாமலேயே அந்த எழுத்து ஏற்கும் இடத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிக்கொள்கிறது. விரல் தப்பினாலும் போன் திருத்திக்கொள்கிறது.

பிளாக்பெர்ரி தன் பழைய மென்பொருள் கொண்ட போன்களுக்கான சேவையை 2022 ஜனவரி 4-ல் நிறுத்திக்கொண்டது.

இதில் ஒரு பின்குறிப்பு. 2024-ல் வந்த ஐபோன் 16 ப்ரோ மேக்ஸின் அளவு 163 × 77.6 × 8.25 மி.மீ., 227 கிராம். நோக்கியா 9110-ஐவிட நீளம். பிளாக்பெர்ரி 6210-ஐவிட அகலம். என் சட்டைப்பைக்கு வெளியே 33 மி.மீ. நீட்டும். தடிமன் மட்டும்தான் குறைந்திருக்கிறது. கட்டைவிரல் விட்ட இடத்தைக் கண் பிடித்துக்கொண்டது. கண்ணும் சுருங்காது அல்லவா!

7. யாருடைய கட்டைவிரல்?

இங்கே என் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். அப்பா கொத்தனார். பெட்டிகளைச் செய்துகொண்டிருந்த விடுமுறையில் வெர்னியரை வைத்து அவருடைய கட்டைவிரலையும் அளந்தேன். 25 மி.மீ. என்னைவிட 5 மி.மீ. அதிகம். அது பிறப்பில் வந்ததல்ல. முப்பது வருடம் கரண்டி பிடித்ததில் வந்தது. சிமெண்ட் தின்ற தோல், நுனியில் காய்ப்பு.

அவர் வைத்திருப்பது சாதாரணப் பொத்தான் போன். அகலம் 46 மி.மீ.; வரிசைக்கு மூன்றே பொத்தான். ஒன்றுக்கு உச்சமாக 15 மி.மீ. 5-ஆம் எண்ணில் ஒரு சிறு மேடு இருக்கிறதே, அதைத் தடவியே மேஸ்திரிக்குப் போன் போடுவார்; சாரத்தில் நின்றபடி, பார்க்காமலே. என் டச் போனைக் கொடுத்தால் இரண்டு முறை தொட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார். காய்ந்த, காய்ப்பேறிய விரலைக் கண்ணாடி சில நேரம் உணர்வதே இல்லை. "என் விரலு இதுக்குத் தெரியல தம்பி" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அது சாதாரணமாகப் படவில்லை.

அதற்காகக் கண்ணாடியைத் திட்டிவிட்டுப் போய்விட முடியாது. நியாயமாக இன்னொரு பக்கமும் உண்டு. நம் தமிழுக்கு உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. அடிப்படையே 31 எழுத்து. (1999-ல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை இந்த 31-ஐ வைத்தே அமைந்தது.) 26 எழுத்துக்கே ஆறு மி.மீ. தேடி அலைந்த பிளாக்பெர்ரி முகத்தில் இதை எங்கே வைப்பது? அச்சில் வார்த்த எழுத்து வார்த்ததுதான். கண்ணாடியோ ஒரு தொடுதலில் தமிழ் விசைப்பலகையாக மாறிவிடுகிறது. ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன என் அம்மா இன்று எனக்குத் தமிழில் "சாப்பிட்டியா" என்று எழுதி அனுப்புகிறார். பொத்தான் காலத்தில் அது நடந்திருக்காது.

ஆக, ஒரே வீட்டில் அம்மாவுக்குக் கதவு திறந்தது, அப்பாவுக்குக் கதவு சாத்தியது. இரண்டையும் செய்தது ஒரே கண்ணாடி. அந்தப் பொத்தான் போன்கள் அலுவலகத்தில் கடிதம் அடிக்கும் விரலை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. கண்ணாடிப் போன்கள் அதைவிடப் பலருக்குப் போய்ச் சேர்ந்தன. ஆனால் எந்த டிராயிங் ஷீட்டிலும் கொத்தனாரின் 25 மி.மீ. இடம்பெற்றதாகத் தெரியவில்லை. இடம்பெறச் செய்ய வேண்டியது யார் வேலை? நாம்தான் நண்பர்களே! டிப்ளமோ முடித்து டூல் ரூமுக்கும் டிசைன் ஆபீசுக்கும் போகப்போகிறவர்களில் நம் வீட்டுக் கைகளைத் தெரிந்தவர்கள் நம்மைத் தவிர வேறு யார்?

முடிவுரை

இந்த ஒப்பாய்விலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை மூன்று.

ஒன்று: கன அளவை மட்டும் பார்த்து "சின்னது, பெரிசு" என்று சொல்லக்கூடாது. மூன்று பக்கத்தையும் தனித்தனியே பார்க்க வேண்டும். எது வேகமாகக் குறைந்தது, எது குறைய மறுத்தது என்று கேட்டால் பொருளின் ரகசியம் வெளிவரும்.

இரண்டு: ஒரு வசதியைச் சேர்த்தால் நீளத்திலோ, அகலத்திலோ, தடிமனிலோ, கணக்கிலோ அதற்கு விலை உண்டு. விலையே இல்லாத வடிவம் கிடையாது. யார் அந்த விலையைக் கொடுக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மூன்று: வரைவதற்கு முன் வெட்டிப் பாருங்கள். அட்டை போதும், மணல் போதும். அடுத்த செமஸ்டர் பிராஜெக்டில் கைப்பிடி, சுவிட்ச், நெம்புகோல் எதுவாக இருந்தாலும் சரி. டைமென்ஷன் எழுதும் முன் அதைப் பிடிக்கப்போகிறவரின் கையை ஒருமுறை வெர்னியரால் அளந்துவிடுங்கள். அளந்த எண்ணை ஷீட்டின் ஓரத்தில் எழுதி வையுங்கள். வைவா எடுக்க வரும் எக்ஸாமினர் "ஏம்ப்பா இந்த சைஸ்?" என்று கேட்டால், "புஸ்தகத்துல இருக்கு சார்" என்று சொல்லாமல், "இந்தக் கைக்கு சார்" என்று சொல்ல நமக்கு ஒரு பதில் இருக்கும்.

நான் செய்த ஆறு பெட்டிகளும் டிராயிங் ஹால் அலமாரியின் மேல் தட்டில் இருக்கின்றன. விருப்பமுள்ள நண்பர்கள் எடுத்துப் பிடித்துப் பார்க்கலாம். ஈ71-ஐ மட்டும் கொஞ்சம் கவனமாக எடுங்கள், இரும்புத் தூள் கொட்டிவிடும்.